மணலும் கைக்கணினியும்

முக்கொம்பில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியுமிடத்தருகே, மர நிழலில் என் பேத்தி கைக்கணினியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டாம்! "தவறு" என்றது திரை. மறுபடியும் "தவறு". குழந்தையின் கண்களில் நீர் முட்டிற்று. இதற்கு யந்திரம் எதற்கு? பழைய பிரம்பே போதுமே! மூன்றாம் முறை, "உன் விடை அரையைவிடக் குறைவாயிற்றே?" என்று கேட்டது. சற்று யோசித்தவள், ஆறில் ஐந்து என்று தானே கண்டாள். முதலிரண்டு பதிலுக்குக் காசு கொடுக்க நான் சம்மதியேன். மூன்றாவதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

1789-ல் சென்னை ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைக் கைக்கொண்டார். 1797-ல் லண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். மணலில் பிழை நெடுநேரம் நிற்பதில்லை. பக்கத்திலிருக்கும் சட்டாம்பிள்ளை விரலைப் பிடித்துச் சுழியைத் திருத்திவிடுவான்.