கன்னித்தீவும் போடி ரயிலும்

2010 கடைசியில் மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதையில் போடிக்குத் திரும்ப வந்தது 2023 ஜூனில். நடுவில் எங்க ஊர் டீக்கடைகளில் அந்த அகலப்பாதை வேலைக்கு ஒரே பெயர்தான்: கன்னித்தீவு!

கன்னித்தீவு, 1960-ல் தினத்தந்தியில் தொடங்கிய சிந்துபாத் படக்கதை. ஓவியர் கணு வரைந்தார். பிறகு கை மாறியும் கதை நிற்கவில்லை. மந்திரவாதி மூசா குட்டியாகச் சுருக்கிவிட்ட லைலாவுக்காக சிந்துபாத் அலைந்தான், அலைந்தான், அலைந்துகொண்டே இருந்தான்.

பத்திரிகையில் படம் பேசியது அதற்கும் முன்பே. தமிழில் கேலிச்சித்திரத்துக்கு வழிபோட்டவர் பாரதி, 1906-ல் தொடங்கிய 'இந்தியா' இதழில். அது படித்தவர்களுக்கான அரசியல். கன்னித்தீவு வேறு ரகம். ஏலக்காய் எடுக்க விடியற்காலையில் போடிமெட்டு ஏறும் ஜீப்பில், மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி கட்டம் கட்டமாக வாசிப்பாள். எழுத்துத் தெரியாத அப்பத்தா படத்தைப் பார்த்தே, "இவென் இன்னைக்கும் மாட்டிக்கிட்டானா?" என்பார். கொண்டை ஊசி வளைவில் பேப்பர் எதிர் சீட்டுக்குப் போய்விடும்.

கார்ட்டூன் என்றதும் மாலி, மதன் என்று பெயர் அடுக்கும் நம்மில் எத்தனை பேருக்குக் கணுவைத் தெரியும்? தெரிந்தவர்கள் கமெண்டில் நாலு வரி எழுதுங்கப்பா.