லேக் மார்க்கெட்டில் ஒரு நிறுத்தம்

நிழற்குடை இல்லை. இருக்கை இல்லை. ஏறி நிற்க ஒரு மேடைகூட இல்லை. தெற்குக் கொல்கத்தாவில், ராஷ்பிஹாரி அவென்யூவின் லேக் மார்க்கெட் டிராம் நிறுத்தத்துக்கு அடையாளமாக இருந்தவை இரண்டுதான்: சாலையில் பதிந்த தண்டவாளம், பயணிகளின் பழக்கம். மணிச்சத்தம் கேட்டதும் கையைக் காட்டிவிட்டு, பஸ்களுக்கும் டாக்ஸிகளுக்கும் நடுவே புகுந்து போய்த்தான் ஏற வேண்டியிருந்தது.

போகிற தூரமும் அதிகமில்லை. கிழக்கே கரியாஹாட் கடைவீதி, மேற்கே காளிகாட் மெட்ரோ நிலையம். அப்போது முன்பெட்டி முதல் வகுப்பு, மின்விசிறி இருந்தது. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு, காற்று வந்தால்தான் இருந்தது.

மார்க்கெட்டைச் சுற்றிப் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வசிக்கிறார்கள். வாழை இலையும் மல்லிகைச் சரமும் காபிப் பொடியும் இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. 1895-இல் மின்சார டிராமைக் கண்ட சென்னை, 1953-இல் அதை இழந்தது. டெல்லி 1963-லும் மும்பை 1964-லும் கைகழுவின. ஊரில் தாத்தா இழந்த டிராமில் கொல்கத்தாவில் பேரன் ஏறினான்.

டிராமோடு இந்த நகரத்துக்கு உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1873-இல் குதிரை இழுத்தது. 1902-இல் மின்சாரம் வந்தது. 1953-இல் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்ந்ததற்கே நகரம் கொந்தளித்தது, உயர்வு வாபஸானது. துயரமும் உண்டு. 1954 அக்டோபர் 14 அன்று, லேக் மார்க்கெட்டுக்குச் சற்றுத் தள்ளி தேசப்ரிய பூங்கா அருகே, கவிஞர் ஜீபனானந்த தாஸ் டிராமில் அடிபட்டார். எட்டு நாள் கழித்து இறந்தார்.

2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு தன் முடிவை அறிவித்தது: எஸ்பிளனேட்-மைதானம் இடையே பாரம்பரியச் சின்னமாக ஒரு தடம் போதும், மற்றவை வேண்டாம். நகரப் பரப்பில் சாலைகள் 6 சதவீதமே, மெதுவாகப் போகும் டிராம் நெரிசலைக் கூட்டுகிறது என்பது அரசின் வாதம். விவகாரம் அப்போது கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இருந்தது.

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பாதிக் கதைதான். ராஷ்பிஹாரி அவென்யூவில் ஒருகாலத்தில் டிராமுக்கென்று புல்வெளிப் பாதை தனியாக இருந்தது. பிறகு அதில் காங்கிரீட் போட்டு எல்லா வண்டிகளையும் விட்டார்கள். டிராம் மற்றவற்றோடு முட்டிக்கொண்டு நின்றது. பயணிகள் ஏறி இறங்கும் இடம் நடுத்தெருவானது. வயதானவர்களும் குழந்தையோடு வருபவர்களும் மெல்ல ஆட்டோவுக்கு மாறினார்கள். ஆள் குறைந்தது என்று வண்டிகளைக் குறைத்தார்கள்; வண்டி குறைந்ததால் ஆள் மேலும் குறைந்தது.

முதலில் வழியை எடுத்துக்கொண்டார்கள். வேகம் இல்லை என்ற புகார் அதற்குப் பிறகுதான் வந்தது.