தானமா வந்த கருவிழியும் கூடவே வந்த பூஞ்சையும்

பி.ஜி. படிச்சிட்டிருந்தப்ப நடந்தது இது. நெல் தூத்தும்போது உமி பட்டு, புண்ணாகி, கருவிழி வெள்ளைத் தழும்பாகிப் போன ஒரு அம்மா. ரொம்ப நாள் காத்திருந்து தானக் கருவிழி கிடைச்சு, ஆபரேஷன் முடிஞ்சு, மூணாம் நாள் காலை சந்தோஷமா வீட்டுக்குப் போனாங்க.

மதியம் மைக்ரோபயாலஜியிலிருந்து போன். "நீங்க அனுப்பின ரிம்ல ஈஸ்ட் வளருது. கேண்டிடா மாதிரி தெரியுது."

ரிம்னா என்னன்னு சொல்லிடறேன். தானக் கருவிழி சுத்தி ஒரு வெள்ளை வளையத்தோட வரும். நடுவிலிருந்து வட்டமா வெட்டி நோயாளிக்குத் தைப்போம். மிச்ச வளையத்தைக் கல்ச்சருக்கு அனுப்புவோம். ரிசல்ட் வர்றதுக்குள்ள கருவிழி ஏற்கெனவே கண்ணுல இருக்கும்!

கண் வங்கி கழுவ மாட்டாங்களான்னு கேப்பீங்க. போவிடோன் அயோடின் ஊத்தித்தான் எடுப்பாங்க. ஆனா நம்ம எல்லார் இமையிலயும் கிருமிகள் குடியிருக்கு, முழுசா விரட்ட முடியாது. எடுத்ததும் ஆன்டிபயாடிக் கலந்த திரவத்துல 4 டிகிரி குளிர்ல வைப்போம். எம்.கே. மீடியம்னா 4 நாள் வரை. அந்தக் குளிர்ல ஆன்டிபயாடிக் சரியா வேலை செய்யாது, அதனாலதான் ஆபரேஷனுக்கு முன்னாடி வெளிய எடுத்து அறை வெப்பத்துக்குக் கொண்டு வர்றோம். அதுவும் பாக்டீரியாவுக்குத்தான். வழக்கமான திரவங்கள்ல பூஞ்சைக்கு மருந்தே கிடையாது.

அந்த அம்மா கொடுத்திருந்தது பக்கத்து டீக்கடை நம்பர். மறுநாள் வந்தாங்க. "நல்லாத்தானே தெரியுது தம்பி, எதுக்கு வரச் சொன்னே?"

என்ன சொல்ல? ரிம்ல கிருமி வளர்ந்த பெரும்பாலான பேருக்குக் கண்ணுல ஒண்ணும் ஆகாது. அந்தக் கல்ச்சர் தேவையான்னே எங்களுக்குள்ள சண்டை உண்டு. ஆனா புதுக் கருவிழியை உடம்பு நிராகரிக்காம இருக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டே ஆகணும். பூஞ்சை இருந்தா அதே ஸ்டீராய்டு அதுக்குத் தீனி. சீனியர் ஸ்டீராய்டைக் குறைச்சு, பூஞ்சை மருந்தை ஆரம்பிச்சு, தினமும் பார்க்கச் சொன்னார்.

அடுத்து கண் வங்கிக்குப் போன் பண்ணினோம். அதே கொடையாளரோட இன்னொரு கண் வேற ஊர்ல ஒருத்தருக்கு வச்சிருந்தாங்க. அவருக்கு ஒண்ணும் ஆகலை.

எங்க அம்மாவுக்குப் பதினோராம் நாள், தையல் ஓரத்துல கடுகளவு வெள்ளைப் புள்ளி. சொட்டு மருந்து, ஊசி, எதுக்கும் கேக்கலை. கடைசியில அதை எடுத்துட்டு வேற கருவிழி வச்சோம். "இதையாவது நல்லாப் பார்த்து வைங்க தம்பி"ன்னாங்க. அது தேறிடுச்சு. இப்போ அரிசியில கல் பொறுக்குற அளவுக்குப் பார்வை.

கொடையாளர் மேலயோ அவங்க குடும்பத்து மேலயோ ஒரு தப்பும் இல்லை. என்னை உறுத்துறது வேற. கைநாட்டு வாங்குறதுக்கு முன்னாடி சம்மதப் படிவத்துல 'தொற்று' வரியை நான் கடகடன்னு வாசிச்சுட்டுப் போயிட்டேன். இப்ப அந்த ஒரு வரிக்கு அஞ்சு நிமிஷம் உக்கார்றேன்.

உங்க வீட்ல கண்தானம் பண்றீங்கன்னா 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், சீக்கிரமே போன் பண்ணுங்க. இமையை மூடி ஈரப்பஞ்சு வைங்க, ஃபேனை நிறுத்துங்க. வர்றவங்க ரத்தம் எடுப்பாங்க, எப்படி இறந்தார்னு துருவிக் கேப்பாங்க. கோபப்படாதீங்க, வாங்கிக்கப் போறவருக்காகத்தான்.

கருவிழி மாத்தினவங்க யாராவது இதைப் படிச்சா: சிவப்பு, வலி, கூச்சம், மங்கல். ஒண்ணு வந்தாலும் அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.