நாலு பேர் சிரிப்பாங்க!

அன்னூரில் சத்தி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற அந்தத் தெருவில், காலை ஆறு மணிக்குப் பால் ஊற்றுகிறவரும் பேப்பர் போடுகிற பையனும் ஓரமாக ஒதுங்கித்தான் போகிறார்கள். எதிரே அவர் வருவார். 52 வயது. நூற்பாலையில் ஃபிட்டர். மகனுடைய பழைய டிராக் பேன்ட், தேய்ந்த கேன்வாஸ் ஷூ. கீழே ஒரே ஒரு சக்கரம். ஹேண்டில்பார் கிடையாது, செயின் கிடையாது, பிரேக்கும் கிடையாது. இரண்டு கைகளையும் பறவை மாதிரி விரித்துக்கொண்டு, எதையோ தேடுகிறவர் போல நேரே பார்த்தபடி மிதித்துக்கொண்டு போவார்.

"ஏனுங்ண்ணா, இன்னொரு சக்கரத்தை எங்க தொலைச்சீங்க?" என்று ஆரம்பத்தில் கேட்காதவர்கள் இல்லை.

சைக்கிள் அவருக்காக வாங்கியதல்ல. கோவையில் கல்லூரியில் படிக்கும் மகன், போனில் வீடியோ பார்த்துவிட்டு ஆன்லைனில் வரவழைத்தது. 20 அங்குலச் சக்கரம். ஒரு வாரம் விழுந்தான். இடது பெடல் வேறு அடிக்கடி லூஸாகிக் கழன்றுகொண்டே இருந்தது. "மட்டமான சரக்குப்பா" என்று சுவரோரம் சாத்தி வைத்துவிட்டு விடுதிக்குப் போய்விட்டான்.

ஒரு சாமான் ஓடாமல் சும்மா சாத்திக் கிடப்பதை ஃபிட்டர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அரை நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு வாரத்தில், மத்தியானம் அதைத் தூக்கித் திண்ணையில் போட்டுப் பார்த்தார். சரக்கில் குறை இல்லை. மகன் சீட்டை முன்பின்னாக மாட்டியிருந்தான். சைக்கிளின் இடது பெடலுக்கு எப்போதும் எதிர்மரைதான் இருக்கும். மிதிக்க மிதிக்கக் கழலாமல் இருப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. சீட் திரும்பியிருந்ததால் இடது பெடல் வலது காலுக்கு வந்துவிட்டது. மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் மரையைக் கழற்றிக்கொண்டிருந்தது. சரியாக மாட்டி, ஸ்பேனர் போட்டு முடுக்கினார். சரி, ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா? அப்படித்தான் ஏறினார்.

அப்படித்தான் என்று அவர் சொல்கிறார். ஆனால் ஆசைக்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. எண்பதுகளில் கொங்குப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஒரு சைக்கிள்காரர் வருவார். ஊர்ப் பொது இடத்தில் வட்டம் கட்டி, மைக் செட் போட்டு, ராத்திரி பகலாக நாள்கணக்கில் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருப்பார். குளியல் சைக்கிள் மேல், சாப்பாடு சைக்கிள் மேல். பொழுது சாய்ந்தால் முன் சக்கரத்தைத் தூக்கிப் பின் சக்கரத்திலேயே ஒரு வட்டம் போடுவார். ஊர்ப் பெரியவர்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். கூட்டத்தில் முன்வரிசையில் குந்தியிருந்த அரை டவுசர் பையன்களில் இவரும் ஒருவர்.

ஒற்றைச் சக்கரம் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு, பக்கவாட்டில்தான் விழுவோம் என்று. நிஜத்தில் முக்கால்வாசி முன்னாலோ பின்னாலோதான். சக்கரத்தோடு பெடல் நேராகச் சேர்ந்திருக்கிறது. மிதித்தால் ஓடும், நிறுத்தினால் நிற்கும். உடம்பு முன்னால் சாய்ந்தால் வேகமாக மிதித்துச் சக்கரத்தை அடியில் கொண்டுவர வேண்டும். பின்னால் சாய்ந்தால் மிதியைத் தளர்த்த வேண்டும். சும்மா உருட்டிக்கொண்டு போகிற சௌகரியமே இல்லை. ஓடுகிற நேரம் முழுக்க வேலைதான். முன்னால் விழுந்தால் பரவாயில்லை, காலில் நின்றுவிடலாம், சைக்கிள் தான் பாட்டுக்குக் கீழே விழும். பின்னால் விழுந்தால் இடுப்பு.

மூன்றாம் நாள் இடுப்பில்தான் விழுந்தார். தெருவே பார்த்தது. எதிர்வீட்டு ஆத்தா, "இந்த வயசுல இதெல்லாம் வேணுமா சாமி?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

ராத்திரி தைலம் தேய்த்துவிட்டது அவர் மனைவி. தேய்த்தபடியே சொன்னார்: "காலுல நிக்காதீங்க. எடை பூரா சீட்டுல இருக்கட்டும். அப்புறம் சக்கரத்தைக் குனிஞ்சு பாக்காதீங்க. நாலு வீடு தள்ளிப் பாருங்க."

"உனக்கு எப்படிப் புள்ள தெரியும்?"

அவருக்குத் தெரியும். மனைவிக்குப் பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரியில் வேலை செய்கிற பெண்கள், நர்ஸுகள், அங்கன்வாடிக்காரர்கள், கல்யாணமானவர்கள், பேரன் எடுத்தவர்கள் என்று எல்லோரும் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே கற்றார்கள். முன்பார்ல பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். அன்று இவர் எட்டாம் வகுப்பு. பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த அக்கா எப்போது கையை விட்டார் என்றே தெரியாமல் ஓட்டிக்கொண்டு போனவர்.

பிறகு மில் வேலைக்கு அன்னூர்ப் பக்கம் வந்தார். ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தார். ஃபிட்டரோடு கல்யாணம். வீட்டிலிருந்து மில் மூன்று கிலோமீட்டர். "நான் சைக்கிள்லயே போயிக்கிறேனுங்க" என்று புதுப்பெண்ணாக ஒருமுறை கேட்டார். "நம்மூர்ல வேண்டாம் புள்ள, நாலு பேர் சிரிப்பாங்க" என்று இவர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னார். தினமும் டி.வி.எஸ். 50-இல் கொண்டுபோய் விட்டார். அதன் பிறகு ஊரில் பாதிப் பெண்கள் ஸ்கூட்டியில் போகிற காலமும் வந்தது. அப்போது இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 25 வருஷம் போய்விட்டது.

அன்று தைலத்தை மூடிவிட்டு மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாலு பேர் இல்லீங்க, இன்னிக்குத் தெருவே சிரிச்சுதே. என்ன ஆச்சுங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் நம் வீட்டு ஆண்களுக்கு எந்தக் காலத்தில் இருந்தது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிவந்த அரசாங்கச் சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கினார். இரண்டு டியூபும் மாற்றி, பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, பெல்லைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். "காத்து அடிச்சு வச்சிருக்கறேன்" என்றார். மனைவி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பத்து நாள் அது அங்கேயே நின்றது. இரண்டு முறை அவரே திரும்பக் காற்றடித்தார்.

இதற்கிடையில் அவருடைய பாடம் நடந்துகொண்டிருந்தது. சுவரைப் பிடித்து அரை வீடு. பிறகு சுவரை விட்டு மூன்று மிதி, ஏழு மிதி. எடையைச் சீட்டில் போட்டதும் தொடை நடுக்கம் நின்றது. நாலு வீடு தள்ளிப் பார்த்ததும் சக்கரம் நேராகப் போனது. மகன் போனில் கூப்பிட்டு, இங்கிலாந்து இளைஞர் எட் பிராட் 36 அங்குல ஒற்றைச் சக்கரத்தில் 2015-இல் கிளம்பி உலகம் சுற்றி 2018-இல் வீடு திரும்பிய கதையைச் சொன்னான். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளே மைதானத்தில் ஓட்டுவதையும் காட்டினான். உலகம் சுற்றியவரைப் பற்றி இவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் ரோஷம் வந்தது.

சுவரோ கம்பமோ இல்லாமல் ஏறுவதுதான் பெரிய கண்டம். பெடல் ஒன்றைத் தன் பக்கம் தாழ வைத்து, சீட்டை இடுக்கி, அந்தப் பெடலை அழுத்தாமல் மேலே எழும்பி, மறு காலை முன்பெடலில் வைக்க வேண்டும். அழுத்தினால் சக்கரம் பின்னால் ஓடிவந்து முழங்காலை இடிக்கும். முப்பது தடவைக்கு ஒருமுறை வந்தது, பிறகு பத்துக்கு ஒன்று. இப்போது இரண்டுக்கு ஒன்று.

பதினோராம் நாள் காலை அவர் எழுந்து வந்தபோது வாசலில் சைக்கிள் இல்லை. காப்பி மட்டும் டம்ளரில் மூடி வைத்திருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து மனைவி வந்து இறங்கினார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, முகமெல்லாம் வியர்வை. "அவிநாசி ரோடு பிரியற வரைக்கும் போனேனுங்க" என்றார். எதிர்வீட்டு ஆத்தா பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. "எனக்கெல்லாம் யாரு கத்துக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது விடிந்ததும் இருவரும் தோட்டங்களுக்கு நடுவே போகிற இட்டேரிக்குப் போகிறார்கள். தார் போட்ட தடம், இருபுறமும் கிளுவை வேலி, லாரித் தொல்லை இல்லை. 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர் சொச்சம்தான் நகரும். நிமிடத்துக்கு அறுபது மிதி மிதித்தாலும் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வராது. மனைவி ஒரு மிதி மிதித்துவிட்டு உருட்டிக்கொண்டே போவார்; வாழைத்தோப்பு வளைவில் காலை ஊன்றி நின்று காத்திருப்பார். வலப்பக்கம் திரும்புவது அவருக்கு இன்னும் வரவில்லை. அந்த வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருகிறார். "தோளை முதல்ல திருப்புங்க, இடுப்பு தன்னால வரும்" என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து பெல் சத்தம் கேட்கும். அவர் ஓரம் கொடுப்பார். மனைவி முந்திக்கொண்டு போகும்போது ஏதோ சொல்லிச் சிரிப்பார். அவரும் சிரிப்பார். ஆனால் தலையைத் திருப்ப மாட்டார். திருப்பினால் விழுந்துவிடுவார்.