இஞ்சினை எப்பொழுது இறக்குவது?

கூடலூரிலிருந்து ஓவேலிக்குப் போகும் மலைப்பாதையில் மழைக்காலத்தில் ஒரு முறை பிரயாணம் செய்தவர்களுக்கு ஜீப் வண்டியின் அருமை தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆக்டர்லோனி என்ற வெள்ளைக்காரர் காப்பித் தோட்டம் போட்ட பள்ளத்தாக்கு இது. அவர் பெயர்தான் ஜனங்களின் வாயில் தேய்ந்து 'ஓவேலி' ஆயிற்று. பிறகு தேயிலை வந்தது. 1964-ஆம் வருஷத்து ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய நம்மவர்களில் அநேகர் கூடலூர் வட்டாரத்தில் குடியேறினார்கள். அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்தவர்தான் நாம் சொல்லப் போகும் ஜீப்புக்காரர்.

காலையில் நம் பள்ளிக் குழந்தைகளை ஏற்றி வருவார். பகலில் கிடைத்த சுமையை ஏற்றுவார். நடுநிசியில் பிரசவ வேதனை என்று கதவைத் தட்டினாலும் வண்டியை எடுப்பார். சென்ற வருஷம் ஜூன் மாதத் தொடக்கத்தில் அவர் வாடிய முகத்துடன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஸார்! வண்டி கறுப்பாய்ப் புகை தள்ளுகிறது; ஏற்றத்தில் இழுவை இல்லை. பட்டறையில் காட்டினேன். இஞ்சினை இறக்கி, ரிங், பிஸ்டன், பியரிங் எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார்கள். கையில் இருப்பது மகளுடைய காலேஜ் பணம் ஒன்றுதான். நீங்கள் ஸயன்ஸ் படித்தவர். இறக்கத்தான் வேண்டுமா, சொல்லுங்கள்."

நாம் பௌதிகம் சொல்லிக் கொடுத்தே பாதித் தலை நரைத்தவர். ஆனால் அன்று வரையில் இஞ்சினில் கை வைத்தவரல்ல. ஆயினும் தத்துவம் தெரியும். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய யந்திரத்தில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பதினாறு முதல் இருபது மடங்கு வரையில் நெருக்கினால் அதன் உஷ்ணம் 500 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. அதில் எண்ணெயைப் பீச்சியதும் தானே பற்றிக் கொள்கிறது. ஆகவே, காற்றை நெருக்கும் சக்திதான் டீசல் இஞ்சினுக்கு உயிர். ரிங்கும் சிலிண்டர்ச் சுவரும் தேய்ந்தால் அந்த உயிர் கசிந்து போகிறது.

கறுப்புப் புகை இதற்குச் சாட்சி ஆகுமா? ஆகாது. எண்ணெய் மிகுந்து காற்றுக் குறைந்தால் கறுப்புப் புகை வரும். ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். நாசில் சரியாகப் பீச்சாமலிருக்கலாம். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு ஏறினால் காற்றே ஏறக்குறைய கால் பங்கு இளைத்து விடுகிறது. நல்ல இஞ்சின்கூட அங்கே சற்றுக் கறுக்கும். குளிர்ந்த காலையில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் எரியாத டீசல். இஞ்சின் சூடான பிறகும் அது நிற்காமல், ரேடியேட்டர்த் தண்ணீரும் குறைந்து வந்தால், ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலப் புகைதான் ஆயில் எரிவதன் அடையாளம்.

"அண்ணே! முதலில் பில்டரையும் நாசிலையும் பாருங்கள்" என்றோம். பார்த்தார். பில்டரில் ஓவேலிப் பாதையின் தூசி முழுவதும் இருந்தது! அதை மாற்றி, நாசிலையும் சரி செய்ததும் புகை அடங்கிற்று. இழுவையும் ஓரளவு வந்தது. மகளின் பணம் காலேஜுக்குப் போயிற்று. நமக்கு உண்டான பெருமையைச் சொல்ல வேண்டுமா?

அந்தப் பெருமையிலே ஒரு பெரிய தவறு செய்ய இருந்தோம். "இஞ்சினுக்கு ஒன்றுமே இல்லை" என்று சொல்ல வாயெடுத்தபோது, "ஆயில் எவ்வளவு குடிக்கிறது?" என்று கேட்கத் தோன்றிற்று.

"எப்போதும் போலத்தான், குறைந்தால் கொஞ்சம் ஊற்றுவேன்" என்றார்.

எந்த வாத்தியாரும் இப்படிப்பட்ட பதிலுக்கு மார்க்குக் கொடுக்க மாட்டார். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஓடிய கிலோமீட்டரையும் ஊற்றிய ஆயிலையும் தினந்தோறும் எழுதச் சொன்னோம். ஜூனில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயிற்று. ஆகஸ்டில் ஐந்நூறுக்கே ஒரு லிட்டர். செப்டம்பரில் முந்நூறுகூடத் தாங்கவில்லை. கணக்கைப் பார்த்து அவரே திகைத்துப் போனார். நாள்தோறும் கூடவே இருப்பவனுக்குத் தேய்மானம் தெரிவதில்லை. தன் குழந்தை வளர்வது தாய்க்குத் தெரியாதது போலத்தான்.

பிறகு இஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தோம். மூச்சு வாங்குவது போல் 'குப் குப்' என்று புகை வந்தது. 'பேக் கம்ப்ரஷன்' என்பது இதுதான். காலையில் ஸ்டார்ட் ஆவதற்கும் நேரமாயிற்று. பட்டறையில் அளவுக் கருவி வைத்துப் பார்த்ததில் நான்கு சிலிண்டரில் ஒன்று மிகவும் தாழ்ந்திருந்தது. இத்தனை சாட்சிகளும் ஒரே முகமாய்ச் சொன்ன பின்னர் வழக்கென்ன? காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் இஞ்சினை இறக்கினார். பள்ளி திறந்த அன்று வண்டி வந்து விட்டது.

ஜூனிலேயே இறக்கியிருந்தால் அந்தப் பெண்ணின் படிப்பு நின்றிருக்கும். கறுப்புப் புகை போன குஷியில் மேலும் ஒரு வருஷம் ஓட்டியிருந்தால், குழந்தைகளோடு ஏதாவதொரு கொண்டை ஊசி வளைவில் நின்றிருக்கும். திருச்சிப் பொன்மலையிலுள்ள ரயில்வேத் தொழிற்சாலையில் டீசல் என்ஜின்களைத் தவணைப்படி பிரித்துப் பார்க்கிறார்கள். புகை வரட்டும் என்று காத்திருப்பதில்லை. ஏழையின் ஜீப்புக்குத் தவணை வைக்க யார் இருக்கிறார்கள்? நாற்பது பக்க நோட்டு ஒன்றுதான்.

அந்த நோட்டு இன்றும் டிரைவர் ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. பட்டறை வேலைக்காக வாங்கிய கடன் இன்னும் முழுதும் தீரவில்லை. அந்தக் கணக்கையும் அதிலேயே எழுதி வருகிறார்.