தறியை விற்குமுன் ஒரு வார்த்தை



பிள்ளையார்பாளையத்தில் நெசவு செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், அண்ணனுக்குக் கல்லீரல் சிரோசிஸ். ஸ்டெம் செல்லிலிருந்து எடுத்த மருந்தை ஊசியாகப் போட்டால் தழும்பு கரைந்துவிடும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். லட்சக்கணக்கில் ஆகும். தறியை விற்றுவிடலாமா?" அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போடுகிறோம். ஒன்றிரண்டு முடிச்சு கண்ணுக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கில் விழுந்தால் புடவை என்ன ஆகும்? கல்லீரலும் அப்படித்தான். குடி, மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி, கொழுப்புப் படிவு இவற்றால் அடிபடும்போதெல்லாம், அங்குள்ள நட்சத்திர வடிவச் செல்கள் கொலாஜன் என்னும் நாரை உண்டாக்கி ஒட்டுப்போடுகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் கல்லீரல் இறுகிவிடும்.

ஸ்டெம் செல்லைச் செலுத்தினால் அதுவே கல்லீரல் செல்லாக மாறிவிடும் என்று முதலில் எண்ணினார்கள். பெரும்பாலும் வேலை செய்வது அது சுரக்கும் புரதங்களும் எக்சோசோம் என்ற நுண்பைகளும்தான் என்று பிறகு தெரிந்தது. தானே தறியில் உட்காராமல், பக்கத்துத் தறிக்காரருக்குக் கைப்பக்குவம் சொல்லித்தரும் பெரியவர் மாதிரி! எலிகளில் இந்தச் சுரப்பு தழும்பைக் குறைத்திருக்கிறது. மனிதர்களில் இன்னும் ஆய்வு நிலைதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு மட்டுமே ஸ்டெம் செல் சிகிச்சை அங்கீகரிக்கப்பட்டது. மற்றதெல்லாம் பதிவு செய்த ஆய்வாகவே நடக்க வேண்டும். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. ஆகவே யாராவது விலை சொன்னால், "இது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா? பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள்.

கைவசம் இருக்கும் வழிகளை விட்டுவிடாதீர்கள். குடியை அறவே நிறுத்தினால், கிருமியை அடக்கினால், தழும்பு ஓரளவு தானாகவே குறையக்கூடும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும், 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை உண்டு. முற்றிய நிலையில் கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள், உடல் பருத்தவர்கள் குடிக்காவிட்டாலும் கல்லீரலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார்களா என்று பாருங்கள்.

உங்களில் மருத்துவரானவர்கள், நான் விட்டதைக் கீழே சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்,
காஞ்சிபுரம்