இரண்டு ஆறு, ஓர் உலை

கிரெனோபிள் என்ற ஊர் தென்கிழக்குப் பிரான்ஸில் இருக்கிறது. எந்தத் தெருமுனையில் நின்று நிமிர்ந்தாலும் ஆல்ப்ஸ் மலை எட்டிப் பார்க்கும். 1968-ல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். மலைக்கோட்டைக்குப் போக, கண்ணாடி உருண்டை மாதிரி ரோப் கார்கூட உண்டு. அதெல்லாம் டூரிஸ்டுகளுக்கு. நாம் 'பி' டிராம் ஏறி ஊர்க்கோடிக்குப் போவோம், வாருங்கள்.

ட்ராக், இஸேர் என்று இரண்டு ஆறுகள் கூடுகிற இடம். நம்மூராக இருந்தால் ஒரு கோயில் கட்டியிருப்போம். இவர்கள் ஒரு காலத்தில் பீரங்கி சுட்டுப் பழகினார்கள். அப்புறம் அணு உலை கட்டிவிட்டார்கள். ஃபான் லாவே ஜெர்மன்காரர், லாஞ்ஜவன் பிரெஞ்சுக்காரர். இரண்டு பெயரையும் ஒட்டவைத்து 1967-ல் இரு நாடுகளும் சேர்ந்து தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இது. 22 வருஷத்துக்கு முன்னால் யுத்தத்தில் அடித்துக்கொண்டவர்கள்! 1973-ல் பிரிட்டனும் சேர்ந்துகொண்டது. இந்த உலையில் ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கிடையாது. விளைச்சல் முழுக்க நியூட்ரான்.

அதை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அதனால் கெட்டி இரும்புக்குள்ளும் சர்வசாதாரணமாக நுழையும். ஆனால், தானே ஒரு குட்டிக் காந்தம். உள்ளே உள்ள அணுக்களையும் அவற்றின் காந்தத்தையும் உரசிவிட்டு, திசைமாறி வெளியே வரும். எந்தக் கோணத்தில் எத்தனை வந்தது என்று எண்ணினால் போதும், உள்ளே யார் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இந்த ஊரில் லூயி நீல் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். சில பொருள்களில் பக்கத்துப் பக்கத்து அணுக்காந்தங்கள் எதிரெதிராகத் திரும்பி நிற்கும் என்று 1930-களிலேயே சொன்னவர். புருஷன் கிழக்கே பார்த்தால் பெண்டாட்டி மேற்கே. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வீடு அமைதி! மொத்தக் காந்தம் பூஜ்யம் என்றால் எப்படி நிரூபிப்பது? 1949-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் உலையில் ஷல், ஸ்மார்ட் என்ற இருவர் மாங்கனீஸ் ஆக்சைடை நன்றாகக் குளிரவைத்து நியூட்ரானைப் பாய்ச்சினார்கள். எக்ஸ்ரேயில் தென்படாத புதுச் சிகரங்கள் எழும்பின. நீல் சொன்னது நிஜம்!

நீலுக்கு 1970-ல் நோபல். கிரெனோபிளுக்கு இந்த உலை வந்ததிலும் அவருக்குப் பெரும்பங்கு. ஷல்லுக்கோ 1994 வரை காத்திருப்பு. கனடாவின் ப்ராக்ஹவுஸோடு பங்கு. ஓக் ரிட்ஜில் ஷல்லோடு ஆரம்பத்திலிருந்து உழைத்த வோலன் 1984-லேயே காலமாகிவிட்டார். போனவர்களுக்கு நோபல் கிடையாது. பத்து வருஷம் முந்தியிருக்கக் கூடாதா?

உலையிலிருந்து கண்ணாடிக் குழாய்கள் வழியாக நியூட்ரான்கள் ஒரு பெரிய கூடத்துக்கு வருகின்றன. அங்கே 'டி-11' என்றொரு கருவி. மொத்த நீளம் சுமார் 80 மீட்டர். நடுவில் வைக்கிற சாம்பிளோ விரல்நகம் அளவு. எதற்கு இத்தனை நீளம்? நானோமீட்டர் கணக்கில் உள்ள சமாச்சாரங்கள் நியூட்ரானை இம்மியளவுதான் விலக்கும். இரண்டு பாதை லேசாகப் பிரிந்தால், வெகுதூரம் நடந்த பிறகுதானே இடைவெளி தெரியும்? இதே முறையில்தான் 2009-ல் மியூனிக் பக்கத்து உலையில் மாங்கனீஸ் சிலிசைடுக்குள் குட்டிக் குட்டிக் காந்தச் சுழல்களைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றும் 20 நானோமீட்டருக்குள். திரையில் அழகாக ஆறு புள்ளிகள், கோலம் போட்ட மாதிரி.

கருவியில் சில நாள் இடம் கிடைக்க ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். கிடைத்துவிட்டால் ராத்தூக்கம் போச்சு. நியூட்ரான் மணி பார்ப்பதில்லை. வேலை முடிந்ததும் சாம்பிளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்ப முடியாது. அதுவே கதிர்வீச்சு வீசத் தொடங்கியிருக்கலாம். அடங்கும் வரை அது இங்கேயே விருந்தாளி.

காத்திருப்பு குறைகிற வழியும் தெரியவில்லை. கனடாவின் சாக் ரிவர் உலையை 2018-ல் மூடினார்கள். 2019-ல் பெர்லின், பாரிஸ் பக்கத்துச் சாக்ளே இரண்டும் அவுட். கிரெனோபிள் உலையோ 1971-லிருந்து உழைக்கிறது. அடுத்த நம்பிக்கை ஸ்வீடனின் லுண்ட். அங்கே எழுகிற நிலையத்தில் உலையே கிடையாது. சுழலும் டங்ஸ்டன் சக்கரத்தில் புரோட்டானை மோதி நியூட்ரான் கறக்கப் போகிறார்கள். அது முழுவேகம் பிடிக்கும்வரை, 'பி' டிராமின் கடைசி ஸ்டாப்பில் பெட்டியும் கையுமாக இறங்குகிறவர்கள் இறங்கிக்கொண்டேதான் இருப்பார்கள்.